லிண்டன்ஹாலில் நம் நாட்டின் எண்

நான் ஜெர்மனியில் லிண்டன்ஹால் என்ற சிற்றூரில் போய் இறங்கிய அன்று அந்த ஊரில் இந்தியாவின் எண் 58.2.

நகர மண்டபத்துச் சுவரில், கடிகாரத்துக்குக் கீழே ஒரு கறுப்புப் பலகை. அதில் நாடுகளின் பெயர்களும் எதிரில் எண்களும் மின்னிக்கொண்டிருந்தன. ஜப்பானுக்கு 71.5. எங்களுக்குக் கீழேயும் சில நாடுகள் இருந்தன. அவற்றின் பெயர்களை எழுதி யாரையும் சங்கடப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

"இதென்ன கண்ணு, பரீட்சை மார்க் மாதிரி?" என்று என் மகள் கிருத்திகாவைக் கேட்டேன்.

"முகமானிங்கப்பா. அவங்க பாஷையில வேற பேரு. நம்ம ஆபீஸ்ல இப்படித்தான் சொல்றோம். ஹெல்கா மேடம் வர்றாங்க, அவங்களையே கேளுங்க."

ஹெல்கா பிராண்ட் அந்த ஊர்த் தொழிற்சாலையின் ஊழியர் மன்றத் தலைவி. என்னைவிட அரை அடி உயரம், ஒட்ட வெட்டிய நரைமுடி, ஐம்பத்தெட்டு வயது. நாங்கள் காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்பான் எங்கள் கம்பெனிக்கென்று பழக்கியது. அதனால் யார் என்ன பேசினாலும் கோயம்புத்தூர்ப் பேச்சாகத்தான் வந்து விழும்.

"வாங்க, வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?"

அந்த அம்மாளின் முகத்தில் சிரிப்பே இல்லை. காதில் மட்டும் சம்பந்தி வீட்டுக் குரல். சில வாரங்களுக்கு இது எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது.

பலகையைக் காட்டிக் கேட்டேன். அவர் சொன்னார்: "இந்த ஊர்ல கடையில, பஸ்ஸில, போன்ல சனங்க உங்க நாட்டப் பத்தி என்ன பேசறாங்களோ, அதையெல்லாம் கேட்டு ஒரே எண்ணா ஆக்கிரும். யாரு பேசுனாங்கன்னு வெச்சுக்காது. என்ன மனசோட பேசுனாங்கன்னு மட்டுந்தான்."

"ஒட்டுக்கேக்கறதுக்கு ஊரு ஒத்துக்கிச்சுங்களா?"

"ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்டமுங்க. பக்கத்து ஊருல கண்ணாடி ஃபேக்டரி ஒண்ணு இருந்துச்சு. வெளிநாட்டுக் கம்பெனி வாங்குச்சு. ஈஸ்டர் லீவு முடிஞ்சு வேலைக்குப் போனா உள்ள ஒண்ணுமே இல்ல. முப்பத்தெட்டு லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறந்தான் சட்டம். வாங்கின நாள்லயிருந்து நூத்தியெண்பது நாள் பாப்போம். கடைசி நாளன்னிக்கு உங்க எண்ணு அம்பத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா, வித்தது செல்லாது."

"எங்க கம்பெனிக்குன்னு தனியா எண்ணு இல்லீங்களா?"

"கம்பெனி இன்னிக்கு ஒரு பேரு வெச்சுக்கும், நாளைக்கு இன்னொண்ணு வெச்சுக்கும். நாட்ட மாத்திக்க முடியாதுங்களே."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

நாங்கள் யார், அங்கே எதற்குப் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் கணபதியில் என் தகப்பனார் காளியண்ணன் தொடங்கிய பம்ப் கம்பெனி எங்களுடையது. எழுபத்தோரு வருடமாக ஓடுகிறது. பம்புக்குள் மோட்டார் தண்டு சுழலும் இடத்தில் தண்ணீர் கசியாமல் தடுக்க ஒரு வளையம் உண்டு, சீல் என்போம். எங்கள் சீல் நான்கு வருடத்தில் ஒழுகத் தொடங்கும். லிண்டன்ஹாலில் நூற்றுப் பன்னிரண்டு பேர் செய்யும் சீல் முப்பது வருடம் ஒழுகாது. பத்து வருடமாகக் கம்பெனியை நடத்தும் கிருத்திகா, சீலை வாங்குவதை விட்டுத் தொழிற்சாலையையே வாங்கத் தீர்மானித்தாள். வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை வாங்கும் கம்பெனிகளுக்கு அப்போது நம் அரசாங்கத்தில் ஒரு திட்டம் இருந்தது. அதில் அன்னூரில் எங்களுக்கு நிலம் கொடுத்தார்கள். எல்லா அனுமதியும் பதினைந்து நாளில் வந்தது. தலைவர் என்ற முறையில் அவள் காட்டிய இடங்களில் நான் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை. பெற்ற மகள் நீட்டுகிற காகிதத்தைப் படித்துப் பார்ப்பது அவளை அவமதிப்பதாகும் என்று நினைத்தேன். பிழை என்னுடையதுதான்.

நூற்றெண்பது நாளும் அங்கே தங்குவதென்று நான்தான் முடிவு செய்தேன். வாங்கிய வீட்டில் பெரிய மனிதர் ஒருவர் இருக்க வேண்டும்.

எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஆகவே அந்த எண்ணைக் கவனிக்கத் தொடங்கினேன். தினமும் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மண்டபத்துக்கு நடந்துபோய்ப் பார்ப்பேன். எது செய்தால் ஏறுகிறது, எது செய்தால் இறங்குகிறது? கம்பெனியை மகளிடம் விட்ட பிறகு எனக்கு இவ்வளவு ஆர்வம் வந்தது இதில்தான். அப்போது எனக்கு எழுபத்து நாலு.

மழையில் நனைந்த ஒரு பெண்மணிக்கு என் குடையைக் கொடுத்தேன். எண் அசையவில்லை. கிருத்திகா ஊர்த் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தாள்; அரைப் புள்ளி இறங்கியது. "எங்கள வாங்கப் பாக்கறாங்கன்னு பேசியிருப்பாங்க," என்றார் ஹெல்கா. சிவப்பு விளக்கில் சாலையைக் கடந்ததற்காக ஒரு பஸ் டிரைவர் என்னை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டினார். கோயம்புத்தூரில் என்னை அப்படித் திட்ட யாருக்கும் தைரியம் வராது. ஆனால் தப்பு என்னுடையது. தொப்பியைக் கழற்றி, "நீங்க சொல்றது சரிங்க," என்றேன். மறுநாள் காலை 0.4 ஏறியிருந்தது. டிரைவர் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்!

இப்படித்தான் எஸ்தரும் பழக்கமானாள். மண்டபத்தின் முன்னால் ஒரு நாள் காலையில், "சாரே, தமிழா?" என்று ஒரு குரல். மார்த்தாண்டத்துப் பெண், அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளும் தினம் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாளாம்.

"உனக்கு எதுக்கம்மா இது?"

"நல்ல கேள்வி! அம்பத்தெட்டுன்னா எனக்க கெழவிமாரு நான் குடுத்தா மருந்து குடிக்கும். அம்பதுன்னா மூஞ்சியத் திருப்பும். போன வருசம் எங்கயோ நம்ம ஆளுவ ஒரு மருந்துக் கம்பெனிய வாங்கி விலைய ஏத்திட்டாங்க. இங்க நாப்பத்தாறு. ஒரு மாசம் எனக்க கையால யாருமே ஊசி போட்டுக்கல்ல. நான் என்ன செய்ய, மருந்துக் கம்பெனி எனக்க அப்பனுக்கதா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டு மானம் வேறு, நாட்டின் மானம் வேறு என்று அதுவரை நினைத்திருந்தேன். நாங்கள் தப்பு செய்தால் யாரோ ஒருத்தியின் கையிலிருந்து மருந்தை வாங்கமாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

நூற்றைம்பதாவது நாளில் எங்கள் எண் 59.6. அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்கு ஒரு முறை உண்டு. முதல் நாளே எந்திரங்களை நிறுத்தித் துடைத்து எண்ணெய் போட்டு, புது வெள்ளை வேட்டியால் மூடிக் கட்டிவிடுவோம். கைக்கருவிகளை எல்லாம் எடுத்து ஒரே இடத்தில் அடுக்குவோம். மறுநாள் பூஜை நேரத்தில்தான் துணியைத் திறப்பது. இடைப்பட்ட நேரத்தில் யாரும் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடக்கூடாது. என் தகப்பனார் காலத்திலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. ஜெர்மனி என்பதற்காகத் தவறவிடவும் எனக்கு மனமில்லை. கோவையிலிருந்து வந்திருந்த இரண்டு இன்ஜினியர்கள் உதவினார்கள். தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு ஒன்றரை நாள் விடுமுறை அறிவித்தேன். காரணம் சொல்லவில்லை. முதலாளி லீவு விட்டால் ஏன் என்று கேட்டவர்களை நான் ஊரில் பார்த்ததில்லை.

அன்று மாலை நாலரை மணிக்கு எஸ்தர் போன் செய்தாள்.

"சாரே, ஒங்க ஃபேக்டரியில என்ன நடக்கு? நாப்பத்தொண்ணு!"

"என்னம்மா நாப்பத்தொண்ணு?"

"நம்ம எண்ணு! மத்தியானம் அம்பத்தொம்பது. இப்ப நாப்பத்தொண்ணு. எனக்க ஷிஃப்ட்ட நிறுத்தி வீட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க. ஒரு கெழவருக்க மவன் வந்து, அப்பனுக்க ரூமுக்குள்ள ஒன்னோட ஆளு யாரும் வரப்பிடாதுன்னு சொல்லியாச்சு."

வாசலுக்கு வந்து பார்த்தேன். கேட்டுக்கு வெளியே ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். சத்தம் போடவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. முன்னால் ஹெல்கா. அவர் பக்கத்தில், அங்கே சீல் வளையத்தைத் தேய்த்துக் கடைசி மெருகு போடும் ஓட்டோ. பருத்த உடம்பு, சின்னக் கண்கள். பேச்சே கிடையாது. மறந்து வைத்துப் போன மூக்குக் கண்ணாடியை எடுக்க வந்தவர், ஜன்னல் வழியாக உள்ளே பார்த்திருக்கிறார்.

"கண்ணாடி ஃபேக்டரியிலயும் இதே மாதிரிதானுங்க," என்றார் ஹெல்கா. காதில் விழுந்த மரியாதைக்கும் அவர் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. "லீவு விட்டாங்க. தொடச்சாங்க. எண்ணெய் போட்டாங்க. வெள்ளைத் துணியில சுத்துனாங்க. கைச்சாமானெல்லாம் எண்ணி அடுக்குனாங்க. லாரி எப்பங்க வருது?"

ஐம்பது வருடம் தொழில் செய்தவனைத் திருடன் என்று நினைத்து நிற்கிறார்கள். கோபம் வந்தது. கோபத்தைவிட, அவர்கள் கண்ணால் அந்த வெள்ளைத் துணிகளைப் பார்த்தபோது வந்த திகைப்புத்தான் பெரிது. பிணத்தைப் போர்த்தியது மாதிரித்தான் இருந்தது.

கேட்டை முழுக்கத் திறந்துவிட்டேன். "எல்லாரும் உள்ள வாங்க. அவங்கவங்க எந்திரத்துத் துணிய அவங்கவங்களே அவுத்துப் பாருங்க," என்றேன். பூஜைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. தகப்பனார் மன்னிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தார்கள். தயங்கித் தயங்கி முடிச்சுகளை அவிழ்த்தார்கள். சாமி கும்பிடுகிறோம், எங்களுக்குச் சோறு போடுகிற பொருளுக்கு வருடத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்து மரியாதை செய்கிறோம் என்று விளக்கினேன். அவசரமாகச் சந்தனம் கரைத்து, குங்குமத்தைத் திறந்து, ஒவ்வொருவரையும் அவரவர் எந்திரத்துக்குப் பொட்டு வைக்கச் சொன்னேன். ஒரு பெண் தன் எந்திரத்துக்கு மூக்கு, வாய் எல்லாம் வரைந்தாள். யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டோ மட்டும் சிரிக்கவில்லை. எந்திரங்களின் பக்கவாட்டில் எங்கள் இன்ஜினியர்கள் ஒட்டியிருந்த நாணயம் அளவு வில்லைகளுக்கும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனார். அவை அதிர்வைப் பதிவு செய்பவை. பழுது வருமுன் தெரிந்துகொள்ளத்தான் என்று கிருத்திகா என்னிடம் சொல்லியிருந்தாள்.

கற்பூரம் ஏற்றினேன். ஹெல்கா எதிரில் வந்து நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. இந்த எந்திரங்க இங்கதான் இருக்குமுங்களா?"

"ஒரு எந்திரங்கூட இந்த எடத்த உட்டு நகராது," என்றேன். எங்கள் பக்கம் சத்தியம் செய்வது எப்படியோ அப்படியே, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். "இது காளியண்ணன் மகன் சென்னியப்பன் வாக்கு."

கூட்டத்தில் பெருமூச்சு கேட்டது. மறுநாள் காலை இந்தியாவின் எண் 63. அந்த ஊரில் நாங்கள் அதுவரை தொடாத உயரம். எஸ்தருக்கு ஷிஃப்ட் திரும்பக் கிடைத்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது கிருத்திகா என் உள்ளங்கைக் கொப்புளத்துக்கு மருந்து போட்டாள். போட்டு முடித்தும் கையை விடவில்லை.

"எதுக்குங்கப்பா அப்படிச் சத்தியம் பண்ணுனீங்க?"

"ஏன், நாம என்ன எந்திரத்தத் தூக்கிட்டா போறோம்?"

"இல்லீங்க. தூக்கிட்டுப் போக வேண்டியதில்லைங்க." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த வில்லைங்க பழுதுக்கு இல்லீங்கப்பா. ஓட்டோ கை எப்ப அழுத்துது, எப்ப விடுது, எந்திரம் எப்படி ஆடுது, எல்லாத்தையும் அஞ்சு மாசமா பதிஞ்சுட்டு இருக்குதுங்க. அன்னூர்ல அதே மாதிரி புது எந்திரம் நிறுத்தியாச்சு. பதிஞ்சத அதுக்குள்ள போட்டா ஓட்டோ வேலைய அதுவே செய்யும். திட்டத்துல அதுதான் கண்டிசன். ரெண்டு வருசத்துல உற்பத்தி முழுக்க அன்னூருக்கு வந்துரணும். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அப்ப இவங்க?"

"இங்க ஒரு சின்ன ஆபீஸ் இருக்குமுங்க."

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"நீங்க சொன்னது பொய் இல்லீங்கப்பா. எந்திரம் நகராது."

"வக்கீல் மாதிரி பேசாத கண்ணு. இது திருட்டு."

அப்போதுதான் அவளுக்கும் கோபம் வந்தது. "திருட்டுங்களா? எழுபது வருசமா நமக்கு மெஷின் வித்தாங்களே, ஒரு தடவையாவது உள்ள என்ன இருக்குதுன்னு காட்டுனாங்களா? ஒரு ஸ்க்ரூவ மாத்தறதுக்கு இங்கயிருந்து ஆளு வருவான், அவனுக்கு ஓட்டல் ரூமு நாம போடணும். அவன் வேலை செய்யறப்ப நம்ம ஆளுங்கள வெளிய நிக்கச் சொல்லுவான். தாத்தாவே நின்னிருக்காருன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. எல்லா நாடும் இப்படித்தானுங்க மேல வந்துச்சு. இதுக்குப் பேரு திருட்டில்ல, தொழில் கொள்கை."

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. என் தகப்பனார் அப்படி வெளியே நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

"அன்னூர்ல ஓடுதா?" என்று கேட்டேன்.

"ஓடுது. செஞ்ச வளையம் மூணு மணி நேரத்துல ஒழுகுதுங்க. எங்க தப்புன்னு தெரியல. சரி பண்ணிருவோம்."

அதற்கப்புறம் இருபத்தெட்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். சொன்னால் எண் விழும். எஸ்தர் வீட்டுக்கு அனுப்பப்படுவாள். அந்த நாட்டின் மற்ற ஊர்களிலும் நம் கம்பெனிகளைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். மகளின் பத்து வருட உழைப்பும் போகும். சொல்லாவிட்டால் எதுவும் போகாது, என் வாக்கைத் தவிர. அந்த வாக்கும் எழுத்தளவில் அப்படியே நிற்கும். எவ்வளவு வசதி பாருங்கள்! மண்டபத்துக்குப் போய் 63 என்று பார்க்கும் ஒவ்வொரு நாளும் உள்ளங்கை அரித்தது. கொப்புளம் ஆறிப் பல நாள் ஆகியும் அரித்தது.

நூற்றெண்பதாவது நாள். மண்டபத்துக்குள் ஊரே கூடியிருந்தது. சட்டப்படி, எண்ணைப் படிப்பதற்கு முன்னால் வாங்கியவர் தரப்பில் ஒருவர் சில வார்த்தைகள் சொல்லலாம். வழக்கமாக நன்றி சொல்வார்கள். கிருத்திகா எனக்கு நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தாள்.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். "எழுதிக் குடுத்ததப் படிக்கப் போறதில்ல," என்றேன். "எந்திரம் நகராதுன்னு உங்களுக்குச் சத்தியம் பண்ணுனேன். அன்னிக்கு எனக்கு ஒரு விசயம் தெரியாது. அப்புறம் தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன், அது இன்னும் மோசம். எந்திரத்து மேல ஒட்டியிருக்கிற வில்லைங்க உங்க வேலையப் பதிஞ்சு எங்க ஊருக்கு அனுப்பிட்டு இருக்குது. ரெண்டு வருசத்துல இங்க வேலை இருக்காது. எந்திரம் நிக்கும், சும்மா நிக்கும். வாக்குக் குடுத்தவன் நான். இந்தத் தொழிற்சாலை இங்கயே ஓடும். வேலை எங்கயும் போகாது. கம்பெனியோட தலைவர் நான். திட்டத்துல இருந்து விலகறதா இன்னிக்குக் காலையில டெல்லிக்கு எழுதிப்போட்டேன். அது போதலைன்னா எங்களுக்கு வித்தத ரத்து பண்ணிக்குங்க. ஆனா ஒண்ணு. இந்த ஊர்ல எங்க ஆளுங்க வேலை பாக்கறாங்க. இது எங்க வீட்டுத் தப்பு. அவங்க தப்பில்ல."

யாரும் அசையவில்லை. என் மகள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை. எல்லோருடைய கண்ணும் மண்டபத்துக்குள்ளே மாட்டியிருந்த இன்னொரு பலகையின் மேல். நாற்பத்தொன்று அல்ல, முப்பதுக்கே போகும் என்று எதிர்பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று.

63.

0.1 கூட அசையவில்லை.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "சட்டத்துக்கு எண்ணு போதுமுங்க," என்று முத்திரையைக் குத்தினார். தொழிற்சாலை எங்களுடையதாயிற்று.

வெளியே படிக்கட்டில் ஹெல்காவும் ஓட்டோவும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு அந்த எண்தான் புரியவில்லை. "கருவி கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"கருவி நல்லாத்தான் இருக்குதுங்க," என்றார் ஹெல்கா. "அதுக்குப் பேச்சு மட்டுந்தான் கேக்கும். பேச்சே இல்லைன்னா பழைய எண்ணு அப்படியே நிக்கும். நீங்க பேசினப்புறம் இந்த ஊர்ல ஒருத்தரும் வாயே தொறக்கலைங்க. கவனிச்சீங்களா?"

"ஏன்?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

ஓட்டோ தொண்டையைச் செருமினார். அவர் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

"அந்த வில்லை எதுக்குன்னு எனக்கு மூணாவது வாரமே தெரியுமுங்க. அதனால எந்திரத்துல நான் தப்புத்தப்பாத்தான் தேச்சேன். அழுத்தற எடத்துல விட்டேன், விடற எடத்துல அழுத்துனேன். அப்புறம் வளையத்தச் சாப்பாட்டு டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போயி, துணி மாத்தற ரூமுல ஒரு பழைய இரும்புத் தட்டு இருக்குது, அதுல வெச்சுக் கையால சரி பண்ணுவேன். நூத்திப் பன்னெண்டு பேருக்கும் தெரியுமுங்க. ஊருக்கே தெரியுமுங்க."

"நீங்க அந்த நெருப்ப கையால அடிச்சீங்களே," என்றார் ஹெல்கா, "அன்னிக்கே சொல்லிருக்கணும். ஆனா நாங்களும் பொய்யாத்தானே தேச்சுக்கிட்டு இருந்தோம். ஏமாத்தறோமேங்கற கூச்சத்துலதான் உங்களப் பத்தி எல்லாரும் நல்லதாவே பேசுனாங்க. அந்த அறுபத்து மூணு அப்படி வந்ததுங்க."

என் பின்னால் விசித்திரமாக ஒரு சத்தம். கிருத்திகா. அழுகிறாளோ என்று திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரோடு.

"அதாங்க ஒழுகுது!" என்றாள். "அஞ்சு மாசமா அன்னூர்ல மண்டையப் பிச்சுக்கறோம். சாப்பாட்டு டப்பாவுலயா போச்சு!"

ஓட்டோவும் சிரித்தார். பிறகு அவள் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள். நான் மண்டபத்தில் விட்டுக்கொடுத்தது அவளுடைய பத்து வருடம் என்பதும், கையில் இருந்ததாக அவள் நம்பியது வெறும் காற்று என்பதும் ஒரே நேரத்தில் அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. இரண்டையும் தாங்கிக்கொண்டு நின்றாள். என் மகள் என்று நான் பெருமைப்பட்ட நேரங்களில் அதுவும் ஒன்று.

"நெசமாவே கத்துக்கணும்னா எப்படிங்க?" என்று ஓட்டோவிடம் கேட்டாள்.

"வில்லைக்குக் கை இல்லீங்க. ஆள அனுப்புங்க."

"நானே வர்றனுங்க. எத்தன நாளு?"

"ரெண்டு வருசம். மொத மூணு மாசம் அந்தத் தேய்க்கற தட்டக் கழுவணும். சொன்னத மட்டும் செய்யணும். முதலாளின்னு பாக்கமாட்டேன்."

"எங்க மெஷின் ரிப்பேருக்கு வந்த உங்க ஆளு, எங்க தாத்தாவ வெளிய நிக்க வெச்சான்," என்றாள் கிருத்திகா.

ஓட்டோ அவள் பக்கம் திரும்பினார். "நீங்க உள்ள நில்லுங்க," என்றார்.

நான் தனியாக ஊர் திரும்பினேன். டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அன்னூர் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அந்தத் திட்டத்தில் இனி எங்களுக்கு இடமில்லை. லிண்டன்ஹால் தொழிற்சாலை ஓடுகிறது. அதன் சீல்தான் இப்போது எங்கள் பம்பில். கிருத்திகா ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். விரல் நுனி எல்லாம் வெடித்திருக்கிறது என்பாள். நாலாவது மாதம் முதல் வளையம் தேய்த்தாளாம். மேடு பள்ளம் காட்டும் மஞ்சள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, குப்பையில் போட்டாராம் ஓட்டோ.

போன தை மாதம் சூலூரில் ஒரு கல்யாணம். பங்காளி வெங்கிடுபதி நாலு பேரை வைத்துக்கொண்டு, மண்டபத்து வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்ண்ணா, கம்பெனிய வாங்கப் போனீங்க. வாங்கின கம்பெனிக்கே நம்ம புள்ளையத் தட்டுக் கழுவ உட்டுட்டு வந்துட்டீங்களாமா? வெளிய கேக்கறாங்க, எங்களால தலையே காட்ட முடியல."

நாலு பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். சுற்றி இருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"கழுவற வேலை போன மாசத்தோட முடிஞ்சுது, வெங்கிடு," என்றேன். "இப்பத் தேய்க்க விட்டிருக்கறாரு. இன்னும் ஒண்ணு கூடத் தேறல."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் பந்தியில், நடுவில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.